வரித்தலை வாத்தும் நம்மூர் மடையானும்

இயற்கையைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும்; அதுவும் இமயத்திற்கு அப்பால் போக வேண்டும்; அங்கே போகாதவன் கையில் உள்ள புகைப்படக் கருவி வெறும் விளையாட்டுப் பொருள். இப்படியொரு கருத்து நம் ஊர்களில் வேரூன்றி வருகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளியில் பிறந்து, அந்த இரு ஆறுகளின் கரையிலேயே நடந்து பள்ளிக்குப் போன இளைஞர்கள் இன்று இலட்சக்கணக்கில் விலை கொடுத்து லென்ஸ் வாங்குகிறார்கள். வாங்கியதும் லடாக்கிற்குப் புறப்படுகிறார்கள். திரும்பி வந்து பட்டியல் படிக்கிறார்கள்: இத்தனை பறவை, இத்தனை விலங்கு, இன்ன கணவாயில் இத்தனை அடி உயரம். வேட்டைக்குப் போய் வந்த பழைய ஜமீன்தார் சுவரில் மாட்டிய மான்கொம்புகளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் என்ன வேறுபாடு என்று நாம் கேட்கிறோம்.

பயணத்தை நாம் பழிக்கவில்லை. பயணம் வீண் செலவு, உள்ளூரில் ஏழைகள் இருக்கும்போது மலை பார்க்கப் போவது பாவம் என்று சொல்லும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடும் நமக்கு உடன்பாடு இல்லை. கண் என்பது காண்பதற்காகத் தரப்பட்டது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வழியில் எந்தத் திண்ணையில் யார் மோர் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டா அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்? எதிர்பாராமல் கிடைப்பதை ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் பயணம் பயன்படும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்புகிறவன் சரக்கு ஏற்றப் போன லாரிக்காரன் போன்றவன். (லாரிக்காரரைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அவர் வழியைப் பார்த்துக்கொண்டாவது போகிறார்.)

நாங்களும் போனோம். 2022-ஆம் ஆண்டு ஜூலையில் நால்வர் ஒரே வண்டியில், நாக்பூர், ஆக்ரா, தில்லி வழியாக மணாலி சேர்ந்து, 2020-இல் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப் பாதையில் நுழைந்து, பாரலாச்சா கணவாயைக் கடந்தோம். காவிரிக் கரையிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் போனது கருங்கழுத்துக் கொக்கைப் படம் எடுப்பதற்காக. இந்தியாவில் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் லடாக்கில்தான். அந்த ஒன்றியப் பகுதியின் பறவையும் அதுவே. சோ கார் என்னும் உப்பேரி அதன் இருப்பிடங்களில் ஒன்று. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், கரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும் ஏரி. பெயருக்கே வெள்ளை ஏரி என்றுதான் பொருள். அங்கே கொக்குகள் இருந்தன. சதுப்பின் நடுவே, எட்டாத தொலைவில் இரண்டு. வெயிலில் காற்று அலையாடியதால் எடுத்த படமெல்லாம் தண்ணீரில் விழுந்த மையைப் போல் கலங்கிப் போயிற்று. இன்னும் நெருங்கிப் போக வழி இருந்தது. வேறு சில வண்டிகள் சதுப்பு வரையில் இறங்கிச் சென்ற சக்கரத் தடங்கள் தெளிவாகவே தெரிந்தன. நாங்கள் போகவில்லை. முட்டையிடும் காலத்தில் ஒரு பறவையை எழுப்பிவிட்டு எடுக்கும் படம் திருட்டுப் பொருள் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

கொக்கின் படம் கிடைக்கவில்லை. அதனால் கிடைத்தவை பல. அந்த ஏரியை அடுத்துள்ள நன்னீர்ப் பகுதியில் சாம்பல் நிற உடலும், வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புப் பட்டைகளும் கொண்ட வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அவற்றின் பின்னே மஞ்சள் பஞ்சுருண்டைகளாகக் குஞ்சுகள். எங்களுள் ஒருவர், நாற்பது ஆண்டு காலம் பள்ளியில் பாடம் சொன்னவர், தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "இது நம்ம கரைவெட்டி வாத்து அல்லவா?" என்றார். ஆம். வரித்தலை வாத்து. குளிர்காலத்தில் கொள்ளிடத்திற்கு வடக்கே, இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டி ஏரியில் நாம் காணும் அதே இனம். அதற்குக் குஞ்சு உண்டு என்பதை அறிவால் அறிந்திருந்தோம். மார்ச்சில் நம் ஏரியை விட்டுக் கிளம்பும் பறவை எந்த வீட்டிற்குப் போகிறது என்பதைக் கண்ணால் கண்டது அன்றுதான். இந்த வாத்துகள் இமயத்தைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது கருவி பொருத்தி ஆராய்ந்தவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை அணிவிக்கப்பட்டவை தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டதும் உண்டு. நாங்கள் வண்டியில் மூச்சுத் திணறி ஏறிய உயரத்தை அவை சிறகால் கடந்து நம் ஊருக்கு வருகின்றன.

இங்கேதான் நம் வாதம் தொடங்குகிறது. கரைவெட்டி என்ன, இயற்கை ஏரியா? இல்லை. அது பாசன ஏரி. மனிதன் கரை கட்டிய ஏரி. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து அதை நிரப்புகிறது. 1999-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் இந்தப் பெருமைகளெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே அது உழவனின் ஏரி. வாத்து இறங்குவது அந்த ஏரியில். மேய்வது அதைச் சுற்றிய வயல்களில். உழவன் இல்லையேல் நீர் இல்லை. நீர் இல்லையேல் இந்த விருந்தாளி இல்லை. அப்படியிருக்க, நம் புகைப்படக்காரர்கள் கரைவெட்டிக்குப் போனாலும் (போகிறவர்கள் சிலர் உண்டு) என்ன செய்கிறார்கள்? மின்கம்பம் வராமல், கரையில் துணி துவைப்பவள் வராமல், மாட்டுக்காரன் வராமல், வாத்தை மட்டும் தனியே வெட்டி எடுக்கிறார்கள். மனிதன் தலை தெரிந்தால் படம் கெட்டுப்போயிற்றாம்! இந்த இலக்கணத்தை யார் வகுத்தது?

லடாக்கிலும் இதே கதைதான். பாங் முதல் டெப்ரிங் வரை மோரே சமவெளியின் நடுவே நாங்கள் சென்ற சாலையின் ஓரம் முழுவதும், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கல்லுடைத்துத் தார் ஊற்றியவர்கள் யார்? பெரும்பாலோர் ஜார்க்கண்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர். எல்லைச் சாலைகள் அமைப்பு அவர்களை ஆண்டுதோறும் அங்கே கொண்டு போகிறது. நமக்கு மூச்சு முட்டும் உயரத்தில் அவர்கள் நாள் முழுவதும் மண்வெட்டி பிடிக்கிறார்கள். அவர்கள் போட்ட சாலையில் போய், அவர்கள் கூடாரத்திற்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அவர்கள் வராதபடி மலையைப் படம் எடுத்து, 'மனிதன் தீண்டாத நிலம்' என்று தலைப்பிடுவதைவிடப் பெரிய பொய் எது? அந்தச் சமவெளியில் ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் எத்தனையோ தலைமுறைகளாகக் கொக்கோடும் காட்டுக் கழுதையோடும் புல்லைப் பங்கிட்டு வாழ்கிறார்கள். அவர்களும் படத்தில் இல்லை.

படத்தில் வராத இன்னொன்றும் உண்டு. அங்கே திரியும் நாய்கள். முகாம்களும் சுற்றுலாக் கூடாரங்களும் கொட்டும் எச்சில் சோற்றில் பெருகிய நாய்கள் கருங்கழுத்துக் கொக்கின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன என்பது அங்கே ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்தி. கொக்கைப் படம் எடுக்கப் போகிறவனின் எச்சில் இலையே கொக்கிற்கு எமனாகிறது! 2022 ஏப்ரலில் பாங்காங் ஏரித் தண்ணீருக்குள் உல்லாச வண்டியை ஓட்டிக் களித்தவர்களின் காட்சி நாடெங்கும் பரவியது நினைவிருக்கலாம். அதைக் கண்டு எல்லோரும் கொதித்தோம். ஆனால் வண்டியைத் தண்ணீரில் விட்டவனுக்கும், சதுப்பில் தடம் பதித்து நல்ல படம் கொண்டு வந்தவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு அளவில்தான், குணத்தில் இல்லை. முன்னவனுக்கு வசை கிடைத்தது, பின்னவனுக்குப் பரிசு கிடைக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த மற்றொரு கொடையைச் சொல்ல வேண்டும். அது புகைப்படக்காரர் யாரும் தேடிப் போவதில்லை. தங்லங் கணவாயைத் தாண்டி உப்ஷிக்கு இறங்கும் வழியில் ஒரு சிற்றூர். பாலைவனத்தின் நடுவே பச்சைத் துணி விரித்தாற்போல் வாற்கோதுமை வயல்கள். முதியவர் ஒருவர் மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்து அடுத்த மடையை வெட்டிவிட்டார். அந்தக் கை அசைவைக் கண்டதும் எங்களுள் நிலமுள்ளவர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். பனிமலையிலிருந்து உருகி வரும் சிறு ஓடை. அதைப் பல வயல்களுக்குப் பங்கிட வேண்டும். வழியில் எங்கள் வண்டியில் ஏறிக்கொண்ட உள்ளூர் ஆசிரியர் விளக்கினார்: அங்கே ஊர் கூடி நீர் பங்கிடும் ஒருவரை ஏற்படுத்துகிறார்கள். அவருக்குச் 'சுர்பொன்' என்று பெயர். யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பது அவர் சொல். மழை கிட்டத்தட்ட இல்லாத நாட்டில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வசந்தத்தில் பனி உருகப் பிந்துவதால் விதைப்பு கெடுகிறது என்று கண்ட செவாங் நோர்பெல் என்ற பொறியாளர், குளிர்காலத்து ஓடை நீரைச் சிறு தடுப்புகளால் தேக்கி உறைய வைத்து, செயற்கைப் பனிப்படிவுகளை உண்டாக்கினார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் செய்ததும் ஏரி வெட்டுவதுதான். அங்கே தண்ணீரைக் கட்டியாகச் சேமிக்கிறார்கள், அவ்வளவே.

முறைப்பாசனம், நீராணிக்காரர், குடிமராமத்து, கடைமடை! இந்தச் சொற்கள் நமக்குப் புதியவையா? கடைமடைக்காரனின் கவலை என்னவென்று தெரிந்த கண்ணுக்கு அந்த மலைநாட்டு முதியவர் அயலாராகத் தெரியவில்லை. எங்கள் நண்பர் அவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கி ஒரு மடையை வெட்டினார். மொழி தெரியாத இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அந்தப் படம் இப்போது எங்களிடம் உள்ளது. எந்தப் போட்டிக்கும் அனுப்பத் தகாத படம். சரிவிலிருந்து எடுத்ததால் கோணம் கூடச் சரியில்லை. ஆயினும் மூவாயிரம் கிலோமீட்டர் போய் வந்ததற்கு இதுவும் அந்த மஞ்சள் குஞ்சுகளும் போதும் என்போம்.

எதிர்வாதம் ஒன்று எழும். "கலை என்பது தேர்ந்தெடுப்பது, எல்லாவற்றையும் சட்டத்திற்குள் திணிக்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறோம், எதை விலக்குகிறோம் என்பதில் நம் மனம் வெளிப்படுகிறதே! திருநெல்வேலிச் சீமையில் பிறந்த மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர், தமிழிலும் எழுதியவர், பத்மஸ்ரீ பெற்றவர். வண்ணப் படம் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். தாமே பகுதிகளைப் பொருத்தி அமைத்துக்கொண்ட கருவியால் எடுத்தார். காட்டு யானையைப் பற்றி எவ்வளவு அக்கறையோடு எழுதினாரோ, அவ்வளவு அக்கறையோடு காக்கையைப் பற்றியும், அணிலைப் பற்றியும், சென்னை வீட்டுத் தோட்டத்துப் பல்லியைப் பற்றியும் எழுதினார். அருமையானது என்பது தொலைவில் உள்ளது என்று அவர் ஒருபோதும் கருதவில்லை. நம் இளைஞர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? லென்ஸ் செய்யும் ஜப்பான் நிறுவனங்களின் பெயரெல்லாம் மனப்பாடம்.

அதற்கும் முன்னே போகலாம். கும்பகோணத்திற்கு அருகே சத்திமுற்றத்தில் வாழ்ந்த புலவர் ஒருவர், வறுமையால் மதுரை சென்று குளிரில் நடுங்கிய இரவில், பறந்து போன செங்கால் நாரையைப் பார்த்து ஊரிலிருக்கும் மனைவிக்குத் தூது சொல்லிப் பாடினார். அந்த நாரை தெற்கே குமரியில் நீராடிவிட்டுத் துணையோடு வடதிசை திரும்பும் பறவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கழுத்துப் பட்டையும் இல்லை, கருவியும் இல்லை. நம் வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் கண்ட உண்மை அது. அந்தப் பாட்டில் பறவை மட்டும் இல்லை. ஒழுகும் கூரையும் காத்திருக்கும் மனைவியும் குளிரும் இருக்கின்றன. ஏழை மனிதனை வெட்டி எறிந்துவிட்டு நாரையை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பாட்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

சரி, இங்கே என்ன படம் இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்கிறோம். 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பில், 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்று மணலை அளவின்றி அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். விழுந்த மறுநாள் எல்லாக் கருவிகளும் அங்கே வந்தன. விழுவதற்கு முன் பத்தாண்டு காலம் கொள்ளிடத்தின் மணல் திட்டு எப்படி இருந்தது, ஆண்டுதோறும் எவ்வளவு தாழ்ந்தது, ஆற்று ஆலாக்கள் முட்டையிட மணல் மிஞ்சியதா, நாணல் எங்கே மறைந்தது என்று ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கொரு படம் எடுத்து வைத்தவர் நம் பக்கத்தில் எத்தனை பேர்? அதற்கு இமயம் ஏற வேண்டியதில்லை. பூண்டி மாதா திருத்தலத்திற்குப் போகும் வழியில் கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தினால் போதும். அந்தப் படங்கள் நீதிமன்றத்தில் கூடப் பேசியிருக்கும்.

இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், மறைப்பதற்கில்லை. நம் டெல்டா மாவட்டங்களில் மடையானையும் கொக்கையும் உள்ளானையும் கண்ணி வைத்துப் பிடித்துக் கறிக்கு விற்பது ஓயவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடை செய்கிறது, வனத்துறையினர் அவ்வப்போது ஆட்களைப் பிடிக்கிறார்கள், செய்தி வருகிறது, அடுத்த குளிர்காலத்தில் மறுபடி கண்ணி விரிகிறது. இறகு பிய்த்த பறவைகளைக் கயிற்றில் கோத்துச் சாலையோரம் தூக்கிப் பிடித்து நிற்பவனைக் கடந்துதான் நம் புகைப்படக்காரர் விமான நிலையத்திற்குப் போகிறார். சிலர் கடந்து போவதில்லை, நின்று வாங்குகிறார்கள்.

பிடித்து விற்பவன் ஏழை, அவன் வயிற்றில் அடிக்கலாமா என்று இரங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இரக்கம் நமக்கும் உண்டு. ஆனால் வாங்குகிறவன் ஏழை இல்லையே! சாலையோரம் நிற்கும் கார்களைப் பாருங்கள். 'உடம்புச் சூட்டுக்கு நல்லது', 'இருமலுக்கு நல்லது' என்று சொல்லி வாங்கிப் போகிறவர்கள் மருத்துவரைப் பார்க்கப் பணமில்லாதவர்களா? அறுவடைக் காலத்தில் வேலை இருந்தால் கண்ணி வைப்பவனும் வயலுக்குத்தான் போவான். அவன் கையில் கயிற்றைக் கொடுத்தது நம் நாக்கு. பட்டம் படித்து, வேலையில் இருந்து, பனிச்சிறுத்தையைக் காக்கும் அமைப்பிற்கு நன்கொடை அனுப்புகிற ஒருவர் மடையான் வறுவலை ருசித்துச் சாப்பிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவரிடம் கேட்டோம். "அது வேற, இது வேற" என்றார். எது வேறு? தொலைவில் இருப்பது இயற்கை, அருகில் இருப்பது கறி. இதுதானே அதன் பொருள்?

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லைப் பக்கத்தில் கூந்தன்குளத்திலும் பறவைகளை ஊரார் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகக் கருதிக் காக்கிறார்கள். வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு இருக்கும். இவர்களில் எத்தனை பேர் லடாக்கைப் பார்த்தவர்கள்? விருந்தாளியின் வீட்டைப் பார்க்காமலே விருந்தாளியை மதிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். நமக்கு வீட்டையும் காட்டியாக வேண்டியிருக்கிறது. காட்டிய பின்னும் புத்தி வருவதில்லை.

ஆகவே பெற்றோருக்கும் நம் பள்ளிகளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலா என்ற பெயரில் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு அழைத்துப் போகும் ஒரு நாளைக் கரைவெட்டிக்கு மாற்றுங்கள். மன்னார்குடிப் பக்கம் உள்ளவர்களுக்கு வடுவூர் ஏரி இருக்கிறது; கடற்கரையோரம் உள்ளவர்களுக்குக் கோடியக்கரை. போகிறபோது ஏரிக்கரை உழவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். எந்த ஆண்டு தண்ணீர் வந்தது, எந்த ஆண்டு வரவில்லை, வராத ஆண்டில் வாத்து எத்தனை இறங்கியது என்று அவர் சொல்வார். அதிகாலையில் போக வேண்டும். கரையை விட்டு இறங்கக் கூடாது. தொலைநோக்கி இரண்டு இருந்தால் ஒரு வகுப்புக்குப் போதும். படம் எடுப்பவர் எடுக்கட்டும், கரையில் நிற்கும் மாட்டையும் மனிதரையும் சேர்த்தே எடுக்கட்டும். திசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி முடியப் போகலாம். மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கியதும் வாத்துகள் வடக்கே கிளம்பிவிடும்.